சோளகத்தில் நெருப்பு மூட்டாதவள்

ஆண்டின் மிக நீண்ட பகலாம் இன்று.
நெருப்பு மூட்டு, சுற்றி ஆடு
என்கிறது விரிசல் விழுந்த என் போன்.
மழை ஓயாத ஊரில் இருந்து
யாரோ ஒருத்தி எழுதியிருக்கிறாள்.
அவளுக்குச் சோளகம் தெரியாது.
ஒரு பொறி போதும் இந்த ஆனியில்,
மல்லாவியில் விழுந்தால்
வவுனிக்குளத்தில் போய்த்தான் அணையும்.

ஆகவே
பித்தளைச் செம்பில் குளத்துத் தண்ணீர் மொண்டு வந்து
வேலியோரம் வைத்தேன்.
சூரியன் அதில் இறங்கி
நடுப்பகல் வரை இருந்தான்.
பிறகு குரங்கு வந்து கவிழ்த்தது.
சடங்கு முடிந்தது.

எனக்குக் கலை வருவதில்லை.
கழிப்புக் கழிக்க, நூல் கட்டப் படிக்கவில்லை.
சூனியக்காரி என்று முதலில் சொன்னதே நான்தான்,
கடையில், பகிடியாக,
லமினேட்டிங் மெசின் சூடாகும் வரைக்கும்.
இப்போது சந்தி முழுக்கச் சொல்கிறது.
மீன்காரர் மட்டும் உண்மையாகவே பயந்து
நிறுவைக்கு மேல் ஒரு யப்பான் மீன் போடுகிறார்.

காலை ஏழேகாலுக்குச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
பாலை மரத்தில் கை வைப்பேன்.
சொல்ல ஒன்றும் இராது.
சில நாள் கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்வேன்.
பழக்காலத்தில் உதடு ஒட்டும்;
ஒட்டிய உதட்டோடே கடை திறந்து
“ஒரு பக்கமோ, ரெண்டு பக்கமோ?” என்று கேட்பேன்.
பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, பரீட்சை அனுமதி அட்டை.
எத்தனை தாளுக்கு ஒரு மரம் என்று
ஒருநாள் கணக்குப் பார்க்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

தவரூபி வந்தது அமாவாசை அன்று,
கடை பூட்டும் நேரம்.
கிழமைக்கு ஒருக்கால் லோன்காரன் வருகிறான்,
கறுப்புப் பல்சரில்,
படலையில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.
“அந்தச் சைக்கிள் எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பக் கூடாது அக்கா.
ஏதாவது செய்யுங்கோ.”
மூன்று தேசிக்காய், ஒரு கோழிமுட்டை,
சொப்பின் பையில் அவனுடைய காலடி மண்.

செய்வினை தெரியாது என்றேன்.
நம்பவில்லை.
தெரிந்தாலும் செய்யமாட்டேன் என்றேன்.
அழுதாள்.
துண்டுகள் எல்லாவற்றையும் மேசையில் விரித்தோம்.
எடுத்தது ஐம்பதாயிரம்.
கட்டியது எழுபத்தெட்டு.
மிச்சம் இன்னும் நாற்பத்தொன்றாம்.
கல்குலேட்டரை மூன்று தரம் அழுத்தினோம், மாறவில்லை.
எழுதினேன்.
பிரதேச செயலாளருக்கு ஒன்று, மத்திய வங்கிக்கு ஒன்று,
கையில் வைத்திருக்க அவளுக்கு ஒன்று.
முத்திரை ஒட்டும்போது கேட்டாள்:
“மந்திரம் சொல்லேல்லையே?”
தேசிக்காயை வெட்டி உப்பும் சீனியும் போட்டு
இரண்டு பேரும் குடித்தோம்.
முட்டை அவள் பிள்ளைக்கே திரும்பிப் போனது.

மண் மிஞ்சியது.
ஒருத்தன் மிதித்ததால் மட்டும்
அது அவனுடையதாகி விடுமா?
பையோடு குளக்கட்டில் ஏறினேன்.
இருட்டில் ஆட்காட்டி ஒன்று
என்னை ஊருக்குக் காட்டிக் கொடுத்தபடி சுற்றியது.
அலைகரைப் பக்கம் கொப்பு முறிந்தது.
யானை.
அது தின்று முடித்துப் போகும் வரை
மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு
அப்படியே குந்தியிருந்தேன்.
என் வாழ்நாளில் நான் செய்த
நீளமான வழிபாடு அதுதான்.
பிறகு மண்ணை மருத மர வேரடியில் கொட்டி
பையைக் கழுவி மடித்தேன்.

அடுத்த கிழமை பல்சர் வரவில்லை.
அதற்கடுத்த கிழமை வந்தது.
ஆனால் படலைக்கு அங்கால்,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றானாம்.
கடிதத்தாலோ,
சூனியக்காரியிடம் போனாள் என்ற கதையாலோ,
எனக்குத் தெரியாது.

அதே சொப்பின் பை நிறையப்
பாலைப்பழத்தோடு வந்தாள் தவரூபி.
“மரத்திட்டக் கேட்டோ பொறுக்கினீர்?”
“கேட்டனான் அக்கா. ஒண்டும் சொல்லேல்லை.”
“அது அப்பிடித்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன்.
உதடு ஒட்டிவிட்டது.